கத்திரி வெயிலில் பறவை பார்க்கப் போகலாமா? சென்னைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் இருப்பது மடிப்பாக்கத்தில். மே மாதம் பிறந்தால் விருதுநகரிலிருந்து தங்கை பிள்ளைகள் இரண்டு பேர் வந்து இறங்கிவிடுவார்கள். என் மகளோடு சேர்த்து மூன்று, கூடவே அம்மா. இந்தப் படையைக் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் பைனாகுலரும் கையுமாகக் கிளம்புவதைப் பார்த்துவிட்டு, எங்கள் அடுக்ககத்தில் ஒவ்வொருவராக விசாரிக்க ஆரம்பித்தார்கள். அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால் பதில்களை எழுதியே வைத்துவிட்டேன்.

கோடை விடுமுறை பறவை பார்க்க ஏற்ற காலம்தானா? எல்லாரும் டிசம்பர், ஜனவரி என்கிறார்களே?

எண்ணிக்கைதான் முக்கியம் என்றால் அவர்கள் சொல்வது சரி. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகளும் உள்ளான்களும் சென்னையைச் சுற்றியுள்ள ஏரிகளை நிரப்பியிருக்கும். மே மாதத்தில் அவை ஊருக்குப் போய்விடும். ஏரிகளில் பாதி வறண்டு கிடக்கும்.

ஆனால் இங்கேயே பிறந்து இங்கேயே வாழும் பறவைகளில் பலவற்றுக்கு இது கல்யாண சீசன். கூடு கட்டுவது, சண்டை போடுவது, குஞ்சுக்கு ஊட்டுவது எல்லாம் இப்போதுதான் நடக்கும். ஜனவரியில் நாற்பது வகை பார்த்தால் மே மாதத்தில் இருபது வகைதான் பார்ப்பீர்கள். அந்த இருபதும் ஏதாவது செய்துகொண்டிருக்கும். குழந்தைகளுக்கு வேடிக்கை வேண்டும். பட்டியல் நமக்குத்தான் வேண்டும்.

நிறமும் மாறும். மடையானை எல்லாருக்கும் தெரியும், குளக்கரையில் அழுக்கு மண்ணாங்கட்டி மாதிரி அசையாமல் நிற்கும் கொக்கு. போன வருடம் மடிப்பாக்கம் ஏரிக்கரையில் தங்கை மகன், “மாமா, இது வேற பறவை, முதுகு பீட்ரூட் கலர்ல இருக்கு” என்றான். வேறு பறவை இல்லை, மடையானேதான். இனப்பெருக்கக் காலத்தில் அதன் முதுகு கருஞ்சிவப்பாகிவிடும், பின்னந்தலையில் நீளமாக வெள்ளைச் சரம் தொங்கும். உண்ணிக்கொக்குக்கும் அப்படித்தான். மாட்டுக்குப் பின்னால் வெள்ளைவெளேர் என்று நடந்த கொக்கு, இப்போது தலையிலும் கழுத்திலும் ஆரஞ்சு மிட்டாய் நிறம் பூசிக்கொண்டு நிற்கும். ஒரே பறவை இரண்டு வேஷம் போடுவதை டிசம்பரில் மட்டும் பார்க்கிறவர் பார்க்கவே முடியாது.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

மே நடுவில் சென்னையில் சூரியன் ஐந்தேமுக்காலுக்கு முன்பே எழுந்துவிடும். நீங்கள் அதற்குள் இடத்தில் இருக்க வேண்டும். எட்டரைக்கு மூட்டை கட்டிவிடுங்கள். அதற்கப்புறம் பறவைகளும் நிழலுக்குப் போய்விடும், பிள்ளைகளும் “எப்ப வீட்டுக்குப் போவோம்” என்று ஆரம்பித்துவிடும். மாலையில் நாலரைக்கு மேல் இருட்டும் வரை இன்னொரு ஆட்டம். நடுப்பகலில் எதுவும் வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் பன்னிரண்டு மணிக்கு ஏரிக்கரையில் நிற்பதற்குப் பெயர் வேறு.

பிள்ளைகளை ஐந்து மணிக்கு எழுப்புவது எப்படி என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் அம்மா எழுப்புகிறார், நான் தலையிடுவதில்லை.

வேடந்தாங்கல் போகலாமா?

மே மாதத்திலா? வேண்டாம். நான் செய்த தப்பை நீங்களும் செய்யாதீர்கள். பிள்ளைகள் முதன்முதலாக வந்த வருடம், ‘பறவை என்றால் வேடந்தாங்கல்’ என்று யாரையும் விசாரிக்காமல் 80 கிலோமீட்டர் வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். ஏரியின் நடுவில் குட்டையாகக் கொஞ்சம் தண்ணீர், அதில் நாலு எருமை, எருமை மேல் இரண்டு கரிச்சான். வழியில் வாங்கிய நுங்குதான் அன்றைக்கு லாபம்.

வேடந்தாங்கலுக்கு வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிறைய வேண்டும். நவம்பரிலிருந்து மார்ச் வரை தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் அடுக்கடுக்காகக் கூடு கட்டியிருக்கும். நல்ல மழை கிடைத்த ஆண்டில் ஏப்ரலிலும் குஞ்சுகளைப் பார்க்கலாம். ஏரி ஏறக்குறைய 30 ஹெக்டேர்தான். ஆனால் கதை பெரியது. பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊர்க்காரர்களுக்குத் தலைமுறைகளாகத் தெரியும். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து சுட்டதும் அவர்களே போய் முறையிட, 1798-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் பறவைகளைச் சுடக்கூடாது என்று பாதுகாப்புக் கொடுத்தார். வனத்துறை என்று ஒன்று வருவதற்கு ரொம்ப முன்பே நடந்தது இது. பிள்ளைகளுக்கு இதை இப்போது சொல்லுங்கள், பொங்கல் லீவுக்குக் கூட்டிப்போங்கள்.

அப்படியானால் நகருக்குள் எங்கே போவது?

என் கை முதலில் நீள்வது பள்ளிக்கரணைப் பக்கம். வீட்டுக்குப் பக்கம் என்பதால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், கோடையிலும் தண்ணீர் நிற்கும் இடம் அது. 2022-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது, பரப்பு சுமார் 1,250 ஹெக்டேர். முன்பு இதைப்போல் பல மடங்கு இருந்த சதுப்பு நிலம். ஒரு பக்கம் குப்பைமேடு, இன்னொரு பக்கம் ஐ.டி. கட்டடங்கள், நடுவே ரேடியல் ரோடு. காற்று திசை மாறினால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அதையே இரண்டு நாள் பேசுவார்கள்.

அங்கே முதலில் கண்ணில் படுவது நீலத் தாழைக்கோழி. ஊதா கலந்த நீல உடம்பு, சிவப்பு மூக்கு, நெற்றியில் சிவப்புத் தகடு, வாலைத் தூக்கித் தூக்கி நடக்கும். கோரையை ஒரு காலால் பிடித்துக்கொண்டு, நாம் முறுக்குத் தின்பதுபோல் கொறிக்கும். அதைவிடப் பொறுமையாகத் தேட வேண்டியது நீளவால் இலைக்கோழி. கோடையில்தான் அதற்கு அந்த நீள வாலே முளைக்கும். சாக்லேட் நிற உடம்பு, வெள்ளை இறக்கை, பிடரியில் பொன்மஞ்சள், அரிவாள்போல் வளைந்த கறுப்பு வால். விரல்கள் அவ்வளவு நீளம் என்பதால் மிதக்கும் இலைமேல் மூழ்காமல் நடக்கும். இவற்றின் குடும்ப வழக்கம் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அப்பாவின் வேலை. இதைக் கேட்டு என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

கூழைக்கடா, நெடுங்கால் உள்ளான், முக்குளிப்பான், சாம்பல் நாரை எல்லாம் வழக்கமாக உண்டு. சில ஆண்டுகளில் பூநாரைகள் கோடையிலும் தங்கிவிடும். தூரத்தில் வெளிர் ரோஜா நிறக் கோடாகத் தெரியும். வண்டியை ரேடியல் ரோட்டிலேயே ஓரம் கட்டி இறங்காதீர்கள், லாரிகள் பறக்கிற சாலை. வனத்துறையின் சூழல் பூங்காவில் நடைபாதை இருக்கிறது, திறக்கும் நேரம் விசாரித்துக்கொண்டு போங்கள். அது சரிப்படாவிட்டால் பெரும்பாக்கம் ஏரிக்கரை.

கடற்கரைப் பக்கம் எதுவும் இல்லையா?

அடையாறு ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் இருக்கிறது. ஊரூர் குப்பம் கரையில் மாலை ஐந்து மணிக்கு நில்லுங்கள். 1967-ல் கட்டி பத்தே ஆண்டில் இடிந்த பாலம் எதிரே தெரியும். அதன் மேல் ஏற வேண்டாம். செம்பருந்து தலைக்கு மேலேயே வட்டமிடும். வெள்ளைத் தலை, செங்கல் நிற உடம்பு; ‘கிருஷ்ணப் பருந்து’ என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஆலாக்கள் தண்ணீரில் செங்குத்தாக விழுந்து மீனோடு எழும். ஆற்றின் நாற்றத்தையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஆமைக்குஞ்சு கடலில் விடுவதைப் பார்க்கலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆனால் மே பாதிக்குள் போய்விட வேண்டும். பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்லும் ஆலிவ் ரிட்லி ஆமை ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை சென்னைக் கரைக்கு இரவில் வந்து குழி தோண்டி, ஒரு குழியில் நூறுக்கு மேல் முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். அவற்றை நாயும் மனிதர்களும் கிளறிவிடாமல் எடுத்து, வேலியடைத்த பொரிப்பகத்தில் புதைத்துக் காப்பாற்றுகிறார்கள். மாணவர்கள் சேர்ந்து 1988-ல் தொடங்கிய கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு இன்றும் இரவில் கரையோரம் நடக்கிறது, வனத்துறையும் செய்கிறது. 45 முதல் 60 நாளில் முட்டை பொரியும்.

பெசன்ட் நகரில் நாங்கள் பார்த்த மாலையைச் சொல்கிறேன். சூரியன் இறங்கிய பிறகு ஒரு கூடையைக் கொண்டுவந்தார்கள். உள்ளே கரிக்கட்டித் துண்டுகள் மாதிரி குஞ்சுகள், ஒவ்வொன்றும் என் மகளின் உள்ளங்கைக்குள் அடங்கும். கூட்டத்தைக் கயிறு கட்டி நிறுத்திவிட்டு, ஈர மணலில் அலைக்குக் கொஞ்சம் முன்னால் விட்டார்கள். நேராகத் தண்ணீரில் விடக்கூடாதாம், மணலில் ஊர்ந்துதான் போக வேண்டுமாம். முதல் அலை வந்து ஐந்தாறைப் புரட்டிக் கரைக்கே திருப்பிப் போட்டது. ஒன்று மல்லாந்துவிட்டது, துடுப்புக் கால்களை அடித்துக்கொண்டு தானே திரும்பியது. அடுத்த அலையில் காணோம். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள்.

செல்போன் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் கடல் என்று குஞ்சு நம்பும். தெருவிளக்கைப் பார்த்து ரோட்டுப் பக்கம் போய்ச் செத்துப்போகும் குஞ்சுகள் உண்டு. இன்னொன்று, மணல் எவ்வளவு சூடாக இருந்ததோ அதைப் பொறுத்தே குஞ்சு ஆணா பெண்ணா என்பது முடிவாகும். சூடு அதிகமானால் பெண். இதைப் பெரியவர்களுக்குச் சொன்னால்தான் வாயைப் பிளக்கிறார்கள், பிள்ளைகள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள்.

மான் பார்க்க வேண்டும் என்று சின்னவன் அடம் பிடிக்கிறான்.

கிண்டி. சுமார் 270 ஹெக்டேர் காடு, 1978-ல் தேசியப் பூங்காவானது. நகரத்துக்கு நடுவே இப்படி ஒரு தேசியப் பூங்கா நாட்டில் அபூர்வம். உள்காட்டுக்குள் நினைத்தபடி போக முடியாது. பொதுமக்களுக்குத் திறந்திருப்பது சிறுவர் பூங்கா. புள்ளிமானும் வெளிமானும் இந்தக் காட்டில் உண்டு. வெளிமானில் ஆணுக்கு மட்டும் திருகுத் திருகாகக் கொம்பு. வயது ஏற ஏற முதுகு கறுத்துக்கொண்டே போகும், வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். ஐ.ஐ.டி. வளாகத்திலும் இருக்கிறது, உள்ளே சொந்தக்காரர் யாராவது இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

மான் கிடைக்காத நாளில் கீரி கிடைக்கும், ஓணான் கட்டாயம் கிடைக்கும். கோடையில் ஆண் ஓணானின் தலையும் தொண்டையும் செக்கச்செவேல் என்றாகிவிடும், வேலிமேல் ஏறித் தண்டால் எடுக்கும். சின்னவனை அரைமணி நேரம் கட்டிப்போட அது போதும்.

பக்கத்திலேயே பாம்புப் பண்ணை, 1972-ல் பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது. அவரே 1976-ல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையையும் தொடங்கினார். அங்கே போனால் முதலையோடு நிறுத்திக்கொள்ளாமல் மேலேயும் பாருங்கள். குளத்து மரங்களில் வக்காவும் கொக்குகளும் உட்கார்ந்திருக்கும். இருளர் கூட்டுறவுச் சங்கத்தின் பாம்பு விஷம் எடுக்கும் இடமும் அங்கேதான் இருக்கிறது. 1978-லிருந்து நடக்கிறது, நாட்டில் பாம்புக்கடி மருந்து தயாரிக்க விஷம் போவது பெருமளவுக்கு இங்கிருந்துதான்.

வண்டலூர்?

602 ஹெக்டேர், 1855-ல் தொடங்கிய பழைய மெட்ராஸ் விலங்குக்காட்சிச் சாலை 1985-ல் இங்கே திறந்தது. போகலாம், ஆனால் ஒன்பது மணிக்குத்தான் கதவு திறக்கும் என்பதால் கோடையில் மதியம் மூன்று மணிக்கு மேல் போவதே மேல். பொதுவாகச் செவ்வாய் விடுமுறை. கூண்டுக்கு வெளியே இருப்பதைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்: ஓட்டேரி ஏரிப் பறவைகள், மரம் மரமாகத் தாவும் வால்காக்கை.

பழவேற்காடு?

மே மாதத்தில் நிழலுக்கு ஒரு மரம் தேடித்தான் அலைவீர்கள். பூநாரைக் கூட்டம் பார்க்க ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். எப்போது போனாலும், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஆளை அடைத்துக்கொண்டு கிளம்பும் படகில் ஏறாதீர்கள். 2011 டிசம்பரில் அங்கே படகு கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

ஆறுமணிக் குருவியைக் காட்ட முடியுமா?

இப்போது முடியாது. அது குளிர்கால விருந்தாளி, இனப்பெருக்கத்துக்கு வடக்கே போய்விடும். அக்டோபரில் களைத்துப்போய் உங்கள் வீட்டுத் தோட்டத்திலேயே வந்து விழலாம், அப்போது பூனையிடமிருந்து காப்பாற்றுங்கள்.

பாட்டியால் நடக்க முடியாது. வீட்டிலிருந்தே பார்க்க ஏதாவது?

மொட்டைமாடி. எங்கள் வீட்டில் அம்மாவின் நாற்காலி போடுகிற இடத்திலிருந்தே பதினேழு வகை எண்ணியிருக்கிறோம். மாலை ஆறு மணிக்குக் கிளிக்கூட்டம் கத்திக்கொண்டு போகும். கொக்குகள் வரிசைகட்டி அடையப் போகும். பனை உழவாரக் குருவி நிற்காமல் வட்டமடிக்கும். இருட்டியதும் பழந்தின்னி வௌவால்கள், கொஞ்சம் தள்ளி ஏதோ ஒரு ஜன்னல் சன்ஷேடில் புள்ளி ஆந்தையின் கிறீச்.

மே, ஜூனில் மாடியிலிருந்து பார்க்க வேண்டியது குயில்–காக்கை நாடகம். பாடுவது ஆண் குயில், கறுப்பு உடம்பு, ரத்தச் சிவப்புக் கண். பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்டது, அது பாடாது, ‘கிக் கிக் கிக்’ என்று கத்திக்கொண்டு பறக்கும். நம் கவிஞர்கள் பலர் இந்த இடத்தில் கொஞ்சம் சறுக்கியிருக்கிறார்கள். ஆண் குயில் காக்கைக் கூட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வம்புக்கு இழுக்கும். காக்கைகள் அதைத் துரத்தும் நேரத்தில் பெண் குயில் கூட்டில் முட்டையிட்டுவிட்டுக் கிளம்பிவிடும். போன ஜூனில் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு காக்கை, வாயைப் பிளந்துகொண்டிருந்த குயில் குஞ்சுக்கு இட்லித் துண்டை ஊட்டிக்கொண்டிருந்தது. அம்மா பத்து நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “அதுக்குத் தெரியாமலா இருக்கும்?” என்றார். எனக்கும் பதில் தெரியவில்லை.

காதுக்கும் வேலை கொடுங்கள். நடுவெயிலில் எல்லாம் அடங்கிய பிறகும் ‘டுங், டுங், டுங்’ என்று பாத்திரக் கடையில் தட்டுவதுபோல் ஒரே தாளத்தில் கேட்டால், அது செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிது, பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்புப் பொட்டு. இலைக்குள் இருந்தால் கண்டுபிடிக்க முடியாது. காலையில் பட்ட கிளையின் உச்சியில் வெயில் காயும், அப்போது பிடித்துவிடலாம். அரசமரம் பழுத்திருந்தால் அங்கேதான் இருக்கும்.

பைனாகுலர் வாங்கியே ஆக வேண்டுமா? எது வாங்குவது?

முதல் இரண்டு நாள் வெறும் கண்ணோடு போய்ப் பாருங்கள். ஆர்வம் நின்றால் வாங்கலாம். 8×42 என்று போட்டிருப்பது எல்லாருக்கும் பொருந்தும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம். சின்னப் பிள்ளைக்கு 8×32 கனம் குறைவு. பொருட்காட்சியில் ‘50 மடங்கு’ என்று விற்பதை வாங்கிவிட்டு என்னிடம் வராதீர்கள். கை ஆடினால் படமும் ஆடும், ஒன்றும் தெரியாது.

செல்போனில் மெர்லின் என்ற இலவசச் செயலி இருக்கிறது, குரலைக் கேட்டு என்ன பறவை என்று யோசனை சொல்லும். உதவியானதுதான், சில சமயம் தப்பாகவும் சொல்லும். பறவையை வரவழைக்க அதன் குரலை ஸ்பீக்கரில் போடும் பழக்கம் மட்டும் வேண்டாம். கூடு கட்டும் காலத்தில் எதிரி வந்துவிட்டான் என்று குஞ்சை விட்டுவிட்டு வந்து அல்லாடும்.

கூட்டத்தோடு போக ஆசை என்றால், 1978-லிருந்து இயங்கும் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட் சொசைட்டி போன்ற குழுக்களின் நடைகளை விசாரியுங்கள்.

என்ன உடுத்திக்கொள்வது, என்ன கொண்டுபோவது?

மங்கிய நிறப் பருத்தி, முழுக்கை, தொப்பி, மூடிய ஷூ. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு பெரிய பாட்டிலில் உப்புப் போட்ட நீர்மோர். புளிசாதம் கெட்டுப்போகாது. சிப்ஸ் பாக்கெட் வேண்டாம்: ஒன்று, சத்தம், இரண்டு, அந்தக் கவர் கடைசியில் எங்கே போகும் என்று நமக்கே தெரியும், மான் வயிற்றுக்குள்.

பாம்பு வருமா?

வரலாம். சதுப்பு ஓரத்திலும் புதரிலும் அதுவும் எலி தேடி அலைகிறது. புதருக்குள் கை விடாதீர்கள், கல்லைப் புரட்டாதீர்கள், தரையைப் பார்த்து நடங்கள். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் விஷமில்லாத சாரையாக இருக்கும். கண்ணாடிவிரியன், கட்டுவிரியன், நாகம், சுருட்டைவிரியன் நான்கின் படத்தைப் பிள்ளைகளுக்கு முன்பே காட்டிவைப்பது நல்லது. கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்டவரை அசைக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

காக்கை ஏன் மத்தியானம் வாயைப் பிளந்துகொண்டே இருக்கிறது? தாகமா?

பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. நாய் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்குவதுபோல அது வாயைத் திறந்து சூட்டை வெளியேற்றுகிறது. நாரைகள் இன்னும் ஒருபடி மேல். தன் கால் மேலேயே எச்சமிட்டு, அந்த ஈரம் காயும்போது குளிர்ச்சி பெறும். எங்கள் வீட்டில் இந்தத் தகவல் அடைந்த புகழை வேறெந்தத் தகவலும் அடையவில்லை.

தண்ணீர் வைக்க நினைத்தால் அகலமான, ஆழமில்லாத மண்சட்டி போதும். நடுவில் ஒரு கல்லைப் போடுங்கள், சிறு குருவி நின்று குடிக்கும். தினமும் கொட்டிக் கழுவி மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் நீங்கள் வளர்ப்பது கொசு.

கீழே விழுந்த குஞ்சை வீட்டுக்கு எடுத்துவரலாமா?

இறகு முளைத்துத் தத்தித் தத்தி நடக்கிற குஞ்சு என்றால் விட்டுவிடுங்கள். அது பறக்கப் பழகுகிறது, அம்மா அப்பா மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கும். நாய், பூனை நடமாட்டம் இருந்தால் பக்கத்துச் செடிக்கிளையில் தூக்கி வையுங்கள். இறகே இல்லாத குஞ்சு என்றால், கூடு எட்டினால் அதிலேயே திரும்ப வைத்துவிடலாம். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது சும்மா சொல்வது. அலகைப் பிரித்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்ச் செத்துவிடும். காயம் பட்டிருந்தால் காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸிடமோ வனத்துறையிடமோ ஒப்படையுங்கள்.

கிளிக்குஞ்சு என்றால் இன்னும் கவனம். 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது குற்றம், ஜோசியருடையது ஆனாலும் உங்களுடையது ஆனாலும்.

தூக்கணாங்குருவிக் கூட்டை எடுத்து வந்து வீட்டில் மாட்டலாமா?

மரத்தில் தொங்கும்போது வேண்டாம். மே கடைசியிலிருந்து, சோழிங்கநல்லூர் தாண்டி மிச்சமிருக்கும் பனைமரங்களைக் கவனியுங்கள். ஆண் குருவிக்குத் தலை மஞ்சளாகியிருக்கும். ஓலையைக் கிழித்து நார் எடுத்துப் பாதிக் கூடு கட்டிவிட்டு இறக்கையை அடித்து அழைக்கும். பெண் வந்து உள்ளே புகுந்து பார்க்கும். பிடித்தால் மீதி வேலை நடக்கும், பிடிக்காவிட்டால் ஆண் இன்னொரு கூடு ஆரம்பிக்க வேண்டியதுதான். கூட்டுக்குள் மின்மினிப்பூச்சியை ஒட்டி விளக்கேற்றும் என்பார்கள். உண்மையில் ஒட்டுவது ஈர மண் மட்டும்தான். நீங்கள் வீட்டுக்கு எடுத்துவர நினைக்கும் கூட்டில் குஞ்சு இருக்கலாம். ஆடிக்காற்றில் விழுந்து கிடந்தால், உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு அதை எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முடிச்சைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மூன்று பேர் சேர்ந்தும் முடியவில்லை.

ஒரே ஒரு நாள்தான் நேரம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

காலை ஐந்தேமுக்காலுக்குப் பெரும்பாக்கம் ஏரி அல்லது பள்ளிக்கரணை. எட்டரைக்கு ஹோட்டலில் பொங்கல் வடை. பகல் முழுக்க வீட்டில் தூக்கம். மாலை ஐந்துக்கு ஊரூர் குப்பம், மே முதல் பாதியாக இருந்தால் அங்கிருந்து பெசன்ட் நகர் பொரிப்பகத்தில் அன்றைக்குக் குஞ்சு விடுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். இதற்கு மேல் ஒரு இடம்கூடச் சேர்க்காதீர்கள். ஐந்து இடம் சுற்றினால் பார்த்தது எல்லாம் டிராஃபிக்காகத்தான் இருக்கும்.

மூன்று பிள்ளைகள், ஒரு பைனாகுலர். சண்டையை எப்படிச் சமாளிப்பது?

வெறும் கண்ணால் முதலில் கண்டுபிடித்துக் காட்டுகிறவருக்குத்தான் பைனாகுலர். அடுத்தது கண்டுபிடிக்கும் வரை அவர் கையில்தான். இந்தச் சட்டம் வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் பைனாகுலர் பெரும்பாலும் அம்மா கழுத்தில் தொங்குகிறது.